வீட்டுக்காரர் வேஷம்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் நாடகம் போட்டோம். மேடையும் இல்லை, திரையும் இல்லை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் ஒரு சாவிக்கொத்து. வீட்டுக்காரர் வேஷம் எனக்கு. சாவிக்கொத்தும் என்னுடையதுதான், வேறு கிடைக்கவில்லை.

கதை பத்து நிமிடம். செந்தூல் பக்கம் வாடகை வீடு தேடும் கணவன், மனைவி. போனில் பேசும்வரை எல்லாம் சரி; தமிழ்ப் பெயரைக் கேட்டதும் வீடு "போயிடுச்சு". கடைசியில் ஒரு தமிழர் வீட்டுக்கு வருகிறார்கள். "நம்ம ஆளுங்களுக்குக் குடுத்தா வாடகை ஒழுங்கா வராதும்மா" என்று நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். அந்த வசனத்தை யாரும் எழுதித் தரவில்லை. ஒத்திகையில் என் வாயில் தானாகவே வந்தது.

அப்புறம் அதே நாடகம் முதலிலிருந்து. இந்த முறை பார்ப்பவர்கள் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்திவிட்டு, எழுந்து வந்து, மனைவியின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை இது. 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டமொன்றில் வேலை செய்தார். அங்கே படிக்கத் தெரியாத ஒரு மனைவியின் கதை. புருஷன் பத்திரமாக வைக்கச் சொன்ன தாள்கள் எல்லாம் இன்னொருத்தி எழுதிய காதல் கடிதங்கள். நடிகை எப்படி நடித்தாலும் கூட்டத்தில் ஓர் அம்மாவுக்குத் திருப்தியில்லை. சரி, நீங்களே வாங்க என்றதும் வந்து, துடைப்பத்தை எடுத்துப் புருஷனாக நடித்தவரை வெளுத்துவிட்டாராம். அந்த நடிகர்மேல் எனக்குத் தனி அனுதாபம் உண்டு.

எங்களிடம் நல்லவேளையாகத் துடைப்பம் இல்லை. முதலில் வந்த தம்பி சட்டம் படிப்பவர். சட்டத்தின்முன் எல்லாரும் சமம், கூட்டரசு அரசமைப்பின் 8ஆவது பிரிவு என்று ஆரம்பித்தார். கைதட்டல். நடத்துபவரை ஜோக்கர் என்போம், சீட்டுக்கட்டில் இருக்கும் ஜோக்கர்தான். அவர் கூட்டத்தைப் பார்த்து, "இது நடக்குமா, மாயமா?" என்றார். பின்வரிசை அண்ணன், "மாயம்! அது அரசாங்கத்துக்குத்தான், வீட்டுக்காரனைக் கட்டாது" என்றார். உண்மைதான்.

அடுத்து ஒரு பெண் அழுதுபார்த்தார். நான் அசையவில்லை.

மூன்றாவதாக மார்க்கெட் பையோடு ஓர் அக்கா. கெஞ்சவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாடகை தராதது யாருண்ணே? போன தடவை இருந்தவங்களா?"

இதற்கு என்னிடம் வசனம் இல்லை. "ஆமா" என்றேன்.

"எத்தனை மாசம்?"

"மூணு."

"கரண்டு பில்லு?"

"அதுவும்தான்."

"அவன்மேல உள்ள கோவத்த என்கிட்ட காட்டுறீங்க. கரண்டு, தண்ணி ரெண்டையும் என் பேருக்கு மாத்திக்கிறேன். ரெண்டு மாச டெப்பாசிட் தர்றேன். அக்ரிமெண்டுக்கு முத்திரை குத்திடுவோம். சாவிய எடுங்க."

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

மாயமா? கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அழுதுபார்த்த பெண்ணுக்குத்தான் பயங்கரக் கோபம். "எவனோ ஓடிப்போனதுக்கு நாம ஏன் ஜாமீன் சொல்லணும்? மத்தவங்ககிட்ட இதெல்லாம் கேக்குறாங்களா?"

"ராத்திரி படுக்க இடம் வேணுமேம்மா" என்றார் அக்கா.

நாற்காலிகளை அடுக்கும்போது அக்கா என் பக்கம் வந்தார். "அந்தச் சாவி நெஜமாவே உங்க வீட்டுதா தம்பி?"

"ஆமாக்கா."

"வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"மேல ஒரு ரூம். ரெண்டு நேபாளத் தம்பிங்க இருக்காங்க."

"ம்ம்" என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.