வடிகான் கப்பியும் சிவப்புக் கப்பியும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வகைக் கப்பி மீன் வளர்கிறது. கண்ணாடித் தொட்டியில் கடையில் வாங்கிய முழுச் சிவப்பு. சீமெந்துத் தொட்டியில் வடிகானில் வலை போட்டுப் பிடித்தவை. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று எப்போதோ விடப்பட்டவற்றின் வாரிசுகள். மனிதன் தெரிவு செய்தால் என்ன ஆகும், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சிவப்பில்தான் வேலை அதிகம். தாய் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். குட்டிகளுக்கு 3 வாரம் ஆனதும் ஆண் பெண் பிரிக்கத் தொடங்கிவிட வேண்டும். பெண்ணுக்கு வயிற்றின் பின்பக்கம் கருநிழல் தெரியும். ஆணுக்கு அடித்துடுப்பு ஒடுங்கிக் கூராகும். பிந்தினால் அந்தப் பெண்ணை வம்சக் கணக்கில் சேர்க்க முடியாது, ஏனென்றால் முதலில் சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் வைத்திருக்கும். பிரித்த ஆண்களில் நிறம் சீரானதாகவும் முதுகு நேரானதாகவும் பார்த்து எடுக்கிறேன். நிறத்தை மட்டும் பார்ப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வெளிநாடுகளில் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்களிடம் 'ஸ்பைடர்' என்றொரு வகை இருக்கிறது. அந்த அழகான கோலத்தைத் தரும் மரபணுவோடு தலை ஆடும் நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது.

வடிகான் ஆண் ஒன்றை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தேன். ஓர் அங்குலம்தான் இருக்கும். தோளில் செம்மஞ்சள் திட்டு, நடு உடலில் ஒரு கரும்பொட்டு, வெயில் சாய்ந்து பட்டால் பச்சை மினுக்கம். அடுத்ததற்குப் பொட்டு இரண்டு, அதுவும் வால் பக்கம். ஒன்றைப் போல ஒன்றில்லை! இங்கேயும் தெரிவு நடக்கத்தான் செய்கிறது. பெண்கள் செம்மஞ்சளையும் புதுக் கோலத்தையும் விரும்பும். வேட்டையாடும் மீனுக்கும் பறவைக்கும் பளிச்சென்ற ஆண்தான் முதலில் கண்ணில் படும். கரீபியன் தீவான ட்ரினிடாட்டில், கப்பியின் சொந்த ஊரில், ஜோன் எண்ட்லர் என்ற உயிரியலாளர் இதைச் சோதித்து 1980இல் எழுதினார். வேட்டை மீன் இல்லாத இடத்தில் சில தலைமுறைகளிலேயே ஆண்களின் பொட்டுகள் கூடின. இருந்த இடத்தில் குறைந்தன.

அப்புறம், பிரித்து வைத்த சிவப்புப் பெண்ணோடு வடிகான் ஆணைச் சேர்த்தேன். பிறந்த ஆண்களில் நிறம் ஏற ஏற, தகப்பனின் கரும்பொட்டு அதே இடத்தில் வந்தது. வால் குட்டைதான். கப்பியின் பல கோலங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் என்று 1920இலேயே யொகானஸ் ஷ்மிட் என்ற டென்மார்க் உயிரியலாளர் காட்டியிருந்தார். அதை என் கிண்ணத்தில் பார்த்தபோது எனக்குத் தனிச் சந்தோஷம்.

இந்தக் கலப்புக் குட்டிகளை வடிகானிலோ வாவியிலோ விட மாட்டேன். கப்பி நம் நாட்டு மீனே இல்லை. அடுத்து இதே சோதிப்பைத் தலைகீழாகச் செய்யப் போகிறேன்: சிவப்பு ஆண், வடிகான் பெண். வடிகான் பெண் குட்டிகளை இப்போதே தனி வாளியில் பிரித்து வைத்துவிட்டேன்.