பழைய காரில் எண்ணெய்க் கசிவின் ஊற்றைத் தேடிய அனுபவம்

இருபது ஆண்டுகளைக் கடந்த எனது பெட்ரோல் காரில் என்ஜின் ஆயிலின் அளவு தொடர்ந்து குறைந்து வந்தது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் கருகும் வாடையும் எழுந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் இணையும் இடத்திலிருந்து சொட்டியதால், பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) பழுதாகிவிட்டது என்றும், கியர்பாக்ஸை இறக்கியே தீர வேண்டும் என்றும் பணிமனையில் கூறினார்கள். அந்த சீலின் விலை சொற்பம், அதை எட்டுவதற்கான வேலைதான் பெரிது என்பதால், உறுதி செய்யாமல் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய் தன் எடையால் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்த பகுதிகளில் எது மிக உயரத்திலும் முன்பக்கத்திலும் உள்ளது என்று பார்க்க வேண்டும். அழுக்குப் படிந்த என்ஜினில் இதைக் காணவே முடியாது. என்ஜின் குளிர்ந்த பின், ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, டிகிரீசர் தெளித்துக் கழுவி உலர்த்தினேன். பிறகு ஆயிலில் புற ஊதா ஒளியில் மிளிரும் சாயத்தைக் கலந்து, சிறிது தொலைவு ஓட்டிவிட்டு, இருட்டில் அதற்குரிய டார்ச்சை அடித்துப் பார்த்தேன். என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின் விளிம்பில் தொடங்கிய பசுமஞ்சள் கோடு, சிலிண்டர் ஹெட்டின் பின்புறமாக இறங்கி, கிராங்க் சீல் இருக்கும் பகுதிக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கவரின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும் என்றே கருதுகிறேன். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைபட்டால், உள்ளழுத்தம் கூடி, எண்ணெயை இணைப்புகளின் வழியே வெளியே தள்ளும். எனது காரில் அதைக் கழற்றி ஆட்டியபோது, வழக்கமாகக் கேட்க வேண்டிய கடகட ஒலி எழவில்லை. கசடு இறுகி அடைத்திருந்தது. அதையும் மாற்றினேன்.

பழைய பேக்கிங் ரப்பர் தன்மையை இழந்து கெட்டிப்பட்டிருந்தது. அலுமினியப் பரப்பில் கீறல் விழாதிருக்க பிளாஸ்டிக் சுரண்டியையே பயன்படுத்தினேன். கசிவை அடைக்கும் பசையான சீலன்டை, கையேடு குறிப்பிடும் மூலைகளில் மட்டுமே சிறிதளவு இட வேண்டும். எங்கும் பூசினால், உள்ளே பிதுங்கிய துணுக்குகள் உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கக்கூடும். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, எனது காரின் கையேட்டில் உள்ளபடி 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கே முடுக்கினேன். கூடுதலாக முடுக்கினால் பேக்கிங் நசுங்கி மீண்டும் கசியும்.

மறுபடியும் கழுவி டார்ச் அடித்தபோது ஆயில் பிரஷர் சுவிட்சில் மட்டும் மெல்லிய ஈரம் தெரிந்தது. சுவிட்சை மாற்றியதும் அதுவும் நின்றது. கிராங்க் சீலைத் தொடவே தேவை ஏற்படவில்லை.