மூன்றாவது டப்பா

நாலு மாதத்தில் பதினோரு கிலோ இறங்கிவிட்டேன். தினமும் எட்டு, பத்து தடவை தண்ணீராகப் போகும். மெஷினில் உட்கார்ந்தால் ஒரு பிளவுஸ் முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து ஓட வேண்டும். ரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டர் மெட்ரோனிடசோல் கொடுத்தார், பூச்சி மாத்திரை கொடுத்தார். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் ரிசல்ட் வந்தது. அவர் மேல் தப்பில்லை. எனக்கு எச்ஐவி இருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

வீட்டுக்காரர் போன பிறகு எச்ஐவி-யை அடக்கிவைக்கும் ஏஆர்டி மாத்திரையை ஒன்றரை வருஷம் விட்டிருந்தேன். திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் திரும்ப அந்த மாத்திரை கொடுக்கும் ஏஆர்டி மையத்துக்குப் போகாமலே இருந்தேன். கடைசியில் தங்கச்சி ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனாள். யாரும் திட்டவில்லை. சிஸ்டர் முதலில் ஒரு டம்ளர் ஓஆர்எஸ் கரைசலைக் கையில் கொடுத்து, "மெதுவா குடிங்கம்மா, பேசலாம்" என்றார். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் சிடி4, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் அணுக்களின் எண்ணிக்கை, வெறும் 64.

டாக்டர் சீட்டில் எழுதியது வேறு பரிசோதனை. சாதாரணமாகப் பார்த்தால் சில ஒட்டுண்ணிகள் கண்ணுக்குத் தப்பிவிடும், ஆசிட் ஃபாஸ்ட் என்ற தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் தினமும் வெளியே வராது என்பதால் மூன்று நாள் மல மாதிரி கேட்டார்கள். அந்த மூடி போட்ட சின்ன டப்பாவை பிளவுஸ் துணிப் பைக்குள் மறைத்துவைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் போக வேண்டாம் என்றே படுத்துவிட்டேன், தங்கச்சி விடவில்லை.

மூன்றாவதில் கிடைத்தது. லேப் அம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலப் பரப்பில் ரோஜா நிறத்தில், இரண்டு முனையும் குறுகின நெல்மணி மாதிரி ஒன்று கிடந்தது. பேர் ஐசோஸ்போரா, இப்போது சிஸ்டோஐசோஸ்போரா என்கிறார்கள். நாலு மாதம் என்னை அலைக்கழித்தது இதுதானா என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

மருந்து புதிதாக ஒன்றும் இல்லை, எச்ஐவி உள்ள நம்மில் பலர் ஏற்கெனவே சாப்பிடும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற சல்பா வகை மாத்திரைதான். சல்பா மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டு, டபுள் ஸ்ட்ரெங்த் மாத்திரை தினமும் நாலு வேளை, பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். நாலாம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். ஏஆர்டியும் திரும்ப ஆரம்பித்தார்கள்.

வீட்டில் ஒரே பாத்ரூம். குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று கேட்டேன். மலத்தில் வெளியே வந்ததும் அது தொற்றாது, வெளியில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்தால்தான் தொற்றும், அதனால் உடனே கழுவிச் சுத்தம் பண்ணிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று கவுன்சலர் விளக்கினார். குளோரின் இந்த மாதிரி ஒட்டுண்ணிகளை நம்பும்படி கொல்லாது என்பதால், தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கச் சொன்னார்.

பிறகு நான் ஒரு தப்புப் பண்ணினேன். உடம்பு தேறியதும், பத்து நாள் முடிந்தபின் தொடரச் சொன்ன கோ-ட்ரைமாக்சசோலை நானாகவே நிறுத்திவிட்டேன். இரண்டே மாதத்தில் பழையபடி ஆரம்பித்தது. இந்த முறை முதல் நாளே ஓடிப்போய் உள்ளதைச் சொன்னேன். சிடி4 200-ஐத் தாண்டி ஆறு மாதமாவது அப்படியே நின்றால், அதுவும் டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த மாத்திரையை நிறுத்தலாமாம். இது மறுபடி மறுபடி வரக்கூடியது. இதை யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது ரவுண்டு எனக்கு வந்திருக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் சிடி4 231, எடை 47 கிலோ. மாத்திரை இன்னும் ஓடுகிறது. மையத்து வாசலில் ஒரு தம்பி டப்பாவைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, "அக்கா, லேப் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கூடவே நடந்தேன். எத்தனையாவது நாள் என்று கேட்டதற்கு, இரண்டாவது என்றான்.

"நாளைக்கும் வந்துடுப்பா" என்றேன்.