தத்தெடுத்த நாய் உறுமினால்

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு நாய் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சோறு வைப்பது, கூண்டு கழுவுவது, மருந்து கொடுப்பது எல்லாம் உண்டு, ஆனாலும் நேரத்தை அதிகம் தின்பது தத்துக் கொடுத்த வீடுகளிலிருந்து வரும் போன்தான். "அங்க வச்சு பாவம் போல இருந்துச்சே, இங்க வந்து உறுமுது பாத்துக்கோ" என்பதுதான் அதில் முக்கால்வாசி.

நான் முதலில் கேட்பது, உறுமினப்போ நீங்க என்ன செஞ்சீங்க என்று. அதட்டினோம், வாரியலை ஓங்கினோம், ஒண்ணு போட்டோம் என்று பதில் வந்தால் எனக்கு மனசு பதறிவிடும். உறுமுகிற நாய் கடிக்காமல் தப்பிக்கப் பார்க்கிற நாய். தள்ளிப் போ என்று தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது. அடித்தால் சத்தம் அடங்கும், உள்ளே இருக்கிற பயம் அப்படியே இருக்கும், அப்புறம் ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். திடீரென்று கடித்துவிட்டது என்று திரும்பி வந்த நாய்களைப் பற்றி விசாரித்தால், முன்பு உறுமியதற்காக அடி வாங்கிய கதை பலதிலும் இருக்கும்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பும், பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிற மாதிரி பார்க்கும், உடம்பு அப்படியே விறைத்து நிற்கும். இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லாதபோதுதான் தொண்டையிலிருந்து சத்தம் வருகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்ணை உற்றுப் பார்க்காமல், குனிந்து தொடாமல், மெதுவாக விலகுவது. விலகினால் நாய் தலைமேல் ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. தான் சொன்னது கேட்கப்படுகிறது என்று தெரிந்த நாய், போகப்போக உறுமுவதைக் குறைத்துக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

வந்த புதிதில் சாது, இரண்டாவது வாரத்தில் உறுமல் என்று சொல்வார்கள். வழுக்குகிற டைல்ஸ் தரை, குக்கர் விசில், மிக்சி, வந்து வந்து தலையைத் தடவுகிற சொந்தக்காரர்கள், இதற்கு நடுவில் முதல் நாட்களில் நாய் மிரண்டு ஒடுங்கிக் கிடக்கிறது, அதைச் சாது என்று நினைத்துவிடுகிறோம். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் என்று எங்கள் வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சில நாய்களுக்கு இன்னும் அதிகம் ஆகும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும், பின்னாலேயே கிறிஸ்துமஸ், புது வருஷம் என்று வெடிச் சத்தம் ஓயாது. அந்தச் சமயத்தில் பயந்த சுபாவமுள்ள நாயைப் புது வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசே வராது.

தக்கலை பக்கத்தில் ஒரு வீடு. "மக்களே, தட்டுகிட்ட போனா இது என்னையே கடிக்க வருதே" என்று அந்த வீட்டு அக்கா அழுதார்கள். போய்ப் பார்த்தால், யார் எஜமான் என்று காட்டுவதற்காக வீட்டுக்காரர் தினமும் பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்கியிருக்கிறார். கூட்டத்தோடு போட்டி போட்டுத் தின்று வளர்ந்த நாய் அது, பிடுங்கப் பிடுங்க அதன் பயம் உறுதியாகிக்கொண்டே போயிருக்கிறது. தட்டில் கை வைப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னேன். நாய் விறைக்காத தூரத்தில் நடந்து போகிற போக்கில், முள் எடுத்த சாளை மீன் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போக வேண்டும், அது நிம்மதியாகத் தின்றால் அடுத்து ஓர் அடி பக்கத்தில், விறைத்தால் பழைய தூரத்துக்கே. அவசரப்படவே கூடாது. ஆள் வந்தால் தட்டில் கூடுதலாக விழும் என்று அது புரிந்துகொண்ட பிறகு, அக்காவின் காலடிச் சத்தத்துக்கே வாலாட்ட ஆரம்பித்தது. ஆனாலும் பிள்ளைகளை அந்தத் தட்டுப் பக்கம் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் அப்படித்தான் சொல்வேன்.

நேற்றுவரை தொட விட்ட நாய் இன்று தொட்டதும் உறுமினால், பழக்கத்தில் கோளாறு என்று நினைக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம்ம ஊர் ஈரத்துக்குக் காதில் சீழ் பிடிப்பது சாதாரணம். ரப்பர் தோட்டம் சுற்றுகிற நாய்க்குக் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கும், உண்ணிக் காய்ச்சல் வந்தால் உடம்பெல்லாம் வலிக்கும். வலிக்கிற இடத்தில் கை வைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

பல் பட்டுவிட்டால், கீறலே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றே என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் சில வீடுகளில் சரிப்படாது. சின்னக் குழந்தை தவழ்கிற வீட்டில் குழந்தையைப் பார்த்தே உறுமுகிற நாயை வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படித் திருப்பிக் கொண்டு வருகிறவர்களை நான் குறை சொல்வதில்லை, எப்போது, யாரிடம், எந்த இடத்தில் உறுமியது என்று உட்கார வைத்துக் கேட்டு எழுதி வாங்குகிறேன். அந்த நாய்க்குப் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடாகப் பார்ப்போம், எழுதி வாங்கிய தாளையும் மறைக்காமல் அவர்கள் கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம்.