அம்முச்சி கேட்ட சுவிட்சு

கோபிக்குப் பக்கத்துல தோட்டத்துல உக்காந்து லேப்டாப்பைத் தட்டிட்டு இருந்தேன். கடலைக்காய் உரிச்சுட்டு இருந்த அம்முச்சி, "ஏங்கண்ணு, அப்படி என்னதான் பாக்கறே அதுல?"ன்னாங்க.

"கண்ணுலயும் கல்லீரல்லயும் இருக்கறது ஒரே டிஎன்ஏதானுங்க அம்முச்சி. எந்த மரபணு எங்க வேலை செய்யோணும்னு முடிவு பண்ற சுவிட்சைத் தேடறனுங்க."

"சுவிட்சு பக்கத்துலதான இருக்கும்?"

அங்கதான் சிக்கலே. நம்ம மோட்டார் ஓடறது கெணத்துல, ஸ்டார்ட்டர் இருக்கறது ரெண்டு காடு தள்ளி சாளையில. மரபணுவை முடுக்கிவிடற துண்டும் அப்படித்தான், லட்சக்கணக்கான டிஎன்ஏ எழுத்து தள்ளிக்கூட இருக்கும். மனுசனோட டிஎன்ஏவுல மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து. அதுல புரதத்துக்கான குறிப்பு 2 சதவீதத்துக்குள்ளதான்.

2021ல வந்த என்ஃபார்மர்ங்கற ஏஐ மாடல் ஒரே மூச்சுல சுமார் 2 லட்சம் எழுத்தைப் படிச்சு, எந்தச் செல்லுல எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும்னு கணிச்சுது. 2025ல வந்த ஆல்ஃபாஜீனோம்ங்கற மாடல் 10 லட்சத்துக்குப் போயிருச்சு. எனக்குப் பிடிச்ச வேலை, ஒரே ஒரு எழுத்தை மாத்திப் போட்டுக் கணிப்பு எப்படிப் புரளுதுன்னு பாக்கறது. ராத்திரி சோறு மறந்துரும்.

ஆனா நெம்ப நம்பவும் கூடாது. ஒரு மரபணு வேலை செய்யறதுல ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் கேட்டா, பல தடவை கூடற இடத்துல குறையும்ங்குது என்ஃபார்மர். 2023ல ரெண்டு ஆய்வு இதைப் போட்டு உடைச்சிருச்சு.

அம்முச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, "மொதல்ல போயி மோட்டாரை நிறுத்து சாமி, வாய்க்கா வழியுது"ன்னாங்க.