அட்டையில் பெட்டி உத்தரம்: மூன்று மாதிரிகள்

பினாங்கின் இரண்டாவது பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், 2014இல் திறக்கப்பட்ட அந்த 24 கிலோமீட்டர் பாதையின் பெரும்பகுதியைத் தாங்குபவை உள்ளே வெறுமையான கான்கிரீட் பெட்டிகள்தாம் என்பது நினைவுக்கு வரும். அந்த வெறுமைக்குள் வலிமை எப்படி வருகிறது என்பதைக் கையால் அறிய விரும்பியே, சென்ற மாதம் மணிலா அட்டையில் மாதிரிகள் செய்யத் தொடங்கினேன்.

முதல் மாதிரி 60 மில்லிமீட்டர் சதுரக் குழாய். அட்டையின் தடிமன் 0.4 மில்லிமீட்டர். இரு நாற்காலிகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளியில் அதைக் கிடத்தி, வாளியைத் தொங்கவிட்டு, குவளையால் அளந்து தண்ணீர் ஊற்றினேன். ஒரு லிட்டரைத் தாண்டியதும் மேல் தகட்டில் மெல்லிய அலைகள் எழுந்தன. மூன்று லிட்டரை நெருங்கியபோது அது மடிந்து குலைந்தது. இழுபட்ட கீழ்த் தகட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய வில்லியம் ஃபேர்பேர்ன், வேல்ஸின் பிரிட்டானியா ரயில் பாலத்துக்காக 1840களில் இரும்புக் குழாய்களைச் சோதித்தபோது கண்டதும் இதுவே. ஆகவேதான் 1850இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேற்பகுதியை ஒற்றைத் தகடாக விடாமல் சிற்றறைகளாகக் கட்டினார்கள்.

இரண்டாவது மாதிரியில் மேல் தகட்டின் அடியில் நெடுக மூன்று பட்டைகளையும், உள்ளே குறுக்குத் தடுப்புகளையும் ஒட்டினேன். மூடும் தகட்டைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும் என்பதால் இதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன. நாற்காலிகளுக்கு நேர் மேலே மட்டும் தடுப்பை இரட்டை அட்டையாக்கினேன்; 1970 ஜூனில் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் பாலம் கட்டுமானத்தின்போதே சரிந்து நால்வர் இறந்தது, தூணின் மேலிருந்த குறுக்குத் தகடு நெளிந்ததால்தான். இந்த மாதிரி ஆறு லிட்டர் வரை தாங்கியது.

என்னை அதிகம் வியக்க வைத்தது முறுக்கம். மூடிய குழாயை நெடுகக் கீறிவிட்டால், கணக்கின்படி இதே அளவுகளில் அதன் முறுக்க விறைப்பு ஏறத்தாழ 17,000 மடங்கு குறைகிறது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் நிற்கும் கொள்கலன் கப்பல்களும் மேல்தளம் பெரிதும் திறந்த பெட்டிகளே. அலை சாய்வாகத் தாக்கும்போது முறுக்கிக்கொள்ளாதிருக்க, அவற்றின் மேல் விளிம்புகளில் நெடுகச் சிறு பெட்டிகள் ஓடுகின்றன. மூன்றாவது மாதிரியில் சரக்கறை வாய்களை வெட்டியதும் அது கைக்குள் துவண்டது. விளிம்புகளில் 12 மில்லிமீட்டர் பெட்டிகளை ஒட்டிய பிறகு விறைப்பு ஓரளவு திரும்பியது. எவ்வளவு என்பதை அளக்க, ஒரு முனையில் நீண்ட குச்சியைப் பொருத்தி வருகிறேன்.