பிரிட்டனில் ஒரு கிராம அருங்காட்சியகத்துக்குச் சில நாள் தொண்டு செய்யப் போகிறீர்களா?

முதலில் விசா. பயணத்தின் முக்கிய நோக்கம் தொண்டாக இல்லாமல் வேறொன்றாக இருந்தால், பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசாவிலேயே மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். ஆனால் அந்த இடம் பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருக்க வேண்டும். அறக்கட்டளைப் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே கடிதம் எழுதுங்கள். வேலைக்கு ஈடாகத் தங்குமிடமும் சாப்பாடும் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது கூலி வேலையாகக் கணக்காகிவிடலாம். பல இடங்கள் ஈஸ்டர் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். பொருட்களை அலமாரியிலிருந்து இறக்கிச் சுத்தம் செய்வது மூடியிருக்கும் குளிர்மாதங்களில்தான். ஆள் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.

போனதும் பொருட்களில் பதிவு எண் எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நுழைவுச்சீட்டு கொடுக்க உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். எண் இல்லாமல் பெட்டியில் கிடக்கும் ஆட்டு ரோமக் கத்தரி யார் கொடுத்தது, எந்தப் பண்ணையில் புழங்கியது என்று சொல்ல இன்னும் சில வருடங்களில் ஆளிருக்காது. பொருளையும் பதிவேட்டையும் கட்டிவைப்பது அந்த ஒற்றை எண்தான்.

1987.12.3 என்றால் 1987-இல் வந்த பன்னிரண்டாவது தொகுப்பின் மூன்றாவது பொருள். எழுதுவதற்கு முன் அதே எண் வேறொரு பொருளுக்குப் போயிருக்கிறதா என்று பதிவேட்டில் பார்த்தே ஆக வேண்டும். இரட்டை எண் விழுந்தால் இரண்டு பொருளின் கதையும் குழம்பும்.

பீங்கான், கண்ணாடி, வழவழப்பான உலோகம் என்றால் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பசையைக் கண்ணில் படாத, உராயாத இடத்தில் ஒரு சிறு பட்டையாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, நிறமி மையால் எண்ணை எழுதுங்கள். மை காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு, ஒரே இழுப்பில். தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டினால் புதிய அசிட்டோன் அடிப்பூச்சைக் கரைத்து எண்ணை இழுகவிட்டுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கிலும் வார்னிஷ் அடித்த மரத்திலும் இதைத் தொடவே கூடாது, மேற்பரப்பே கரையும். துருப்பிடித்த கலப்பைக் கொழுவில் பூச்சு துருவோடு உதிர்ந்துவிடும். அங்கே பருத்தி நூலில் அட்டை கட்டுவதே சரி. துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல் போதும். காகிதத்தின் பின்புறம் மென்மையான பென்சில். ஒட்டும் டேப் எதற்கும் வேண்டாம், அதன் பசை பழுத்துக் கறையாகிவிடும்.

குறிப்பு எழுதும்போது ஊகிக்காதீர்கள். என்ன மரம் என்று தெரியாவிட்டால் ‘மரம்’ என்று மட்டும் எழுதுங்கள். நீளம், அகலம், கீறல், பொறித்த எழுத்து, அளவுகோலோடு ஒரு படம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதிய தன்னார்வலர் அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பார்கள் என்று சொன்னால், அதையும் அந்தக் கருவிக்கு அவர் சொன்ன உள்ளூர் வழக்குப் பெயரையும் அப்படியே தேதியோடு எழுதிவிடுங்கள். இந்தப் பதிவுதான் எல்லாவற்றிலும் விலைமதிப்பானது.

கம்பளியில் சல்லடைபோல் ஓட்டையும் பட்டு நூல் போன்ற கூடும் தெரிந்தால் அந்துப்பூச்சி. உதறக் கூடாது, முட்டை பரவும். உடனே பாலித்தீன் பையில் போட்டு மூடி, பொறுப்பாளரிடம் கொடுங்கள். −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடவேண்டும், இல்லையென்றால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கிளம்பும் நாளில் எந்த எண் வரை முடிந்தது, எந்தப் பெட்டி பாதியில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.